முப்பது வருஷம் தூங்கிய ஏடு

"இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்ற கேள்வி நம் வீடுகளுக்குப் புதியதன்று. எம். எஸ்ஸி. தேறிய பிள்ளை உத்தியோகத்துக்கு மனுப் போடாமல், இன்னும் நாலைந்து வருஷம் ஆராய்ச்சி மாணவனாக இருக்கப் போவதாகச் சொன்னால், தகப்பனாருக்கு முகம் சுருங்குகிறது. தாயாருக்குக் கல்யாணம் தள்ளிப் போகிறதே என்ற கவலை பிடித்துக் கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கோ, படிப்பு முடிந்த பிறகும் படிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று ஆச்சரியம். அதையே ஒரு பெண் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை.

கேள்வி நியாயமானதுதான். ஆராய்ச்சி செய்கிறவருக்கு யாரோ சோறு போட்டாக வேண்டும். அந்தச் செலவுக்கு என்ன பலன் என்று கேட்கக் குடும்பத்துக்கும் உரிமை உண்டு. வரி கொடுக்கும் பொது ஜனங்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் பலனை எத்தனை நாளில் எதிர்பார்ப்பது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். இதை விளக்க ஒரு மாணவரின் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் 1960-ம் வருஷத்தில் எழுதி ஒப்புவித்த ஆராய்ச்சிக் கட்டுரை, முப்பது வருஷத்துக்கு மேல் அநேகமாகக் கேட்பாரற்றுப் புத்தகசாலை அலமாரியில் கிடந்தது. இன்றோ, ஐந்தாம் தலைமுறைச் செல்போன் ஒவ்வொன்றும் அந்தக் கட்டுரையில் கண்ட முறையைக் கொண்டுதான் ஆகாயத்திலிருந்து வரும் செய்தியைப் பிழை நீக்கிப் படிக்கிறது.

அலை போவதும் செய்தி சேர்வதும்

கம்பியில்லாமல் அலையை அனுப்பலாம் என்பது பழைய செய்தி. ஸர் ஜகதீச சந்திர போஸ் 1890-களிலேயே கல்கத்தாவில், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலையைச் சுவர்களைக் கடந்து போகச் செய்து, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். ஆனால் அலை போய்ச் சேருவது ஒரு காரியம். அந்த அலையில் ஏற்றிய செய்தி பழுதில்லாமல் போய்ச் சேருவது வேறு காரியம்.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக் கொள்ளுங்கள். நாதஸ்வரமும் தவிலும் முழங்குகின்றன, குழந்தைகள் ஓடுகின்றன, நாலு திசையிலும் பேச்சு. ஒரு மூலையிலிருந்து மாமா, எதிர் மூலையிலிருக்கும் சமையற்காரரைப் பார்த்து, "இலை நூற்றிருபது!" என்று குரல் கொடுக்கிறார். சமையற்காரர் காதில் விழுந்தது நூற்றிருபதா, நூற்றறுபதா? வானத்து அலைக்கும் இதே சங்கடம். வழியில் கட்டிடங்கள் தடுக்கின்றன. மோதித் திரும்பிய அலைகள் ஒன்றையொன்று கலைக்கின்றன. வாங்கும் கருவியின் உள்ளேயே உஷ்ணத்தால் இரைச்சல் உண்டாகிறது. இன்றைய யந்திரங்கள் பேச்சு, படம், பாட்டு எல்லாவற்றையும் பூஜ்யம், ஒன்று என்ற இரண்டே இலக்கங்களின் வரிசையாக்கி அனுப்புகின்றன. இரைச்சலினால் பூஜ்யம் ஒன்றாகவும், ஒன்று பூஜ்யமாகவும் மாறிவிடுகிறது.

மாமாவுக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. இன்னும் உரக்கக் கத்தலாம்; அல்லது சொன்னதையே மூன்று தரம் சொல்லலாம். செல்போன் உரக்கக் கத்தினால் அதன் மின்சாரக் கலம் சீக்கிரம் தீர்ந்துவிடும்; பக்கத்துச் செல்போன்களுக்கும் அது இடைஞ்சல். மூன்று தரம் சொன்னாலோ ஒரு செய்தி போகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். பிழையை இன்னும் குறைக்க வேண்டுமானால் ஐந்து தரம், பத்துத் தரம் என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான் என்று வெகு காலம் நிபுணர்களும் நம்பியிருந்தார்கள்.

ஷானன் கண்ட எல்லை

அந்த நம்பிக்கையை உடைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த கிளாட் ஷானன் (1916-2001). இவரும் மாணவப் பருவத்திலேயே உலகத்துக்கு உபகாரம் செய்தவர். 1937-ம் வருஷத்தில், தமது இருபத்தோராவது வயதில், மாஸச்சூஸெட்ஸ் தொழில் நுணுக்கக் கழகத்தில் எம். எஸ்ஸி. பட்டத்துக்காக எழுதிய கட்டுரையில், மின்சார விசைகளின் இணைப்புக்களைத் தர்க்க சாஸ்திரத்தின் கணிதத்தைக் கொண்டு அமைக்கலாம் என்று காட்டினார். இன்றைய கணிப்பொறிகளின் அமைப்புக்கு அது அஸ்திவாரம்.

பிறகு பெல் ஆராய்ச்சிச் சாலையில் இருந்தபோது, 1948-ம் வருஷத்தில், செய்திப் போக்குவரத்தின் கணித தத்துவத்தைப் பற்றி அவர் ஒரு கட்டுரை பிரசுரித்தார். தகவல் சாஸ்திரம் என்ற புதிய துறையே அதிலிருந்து பிறந்தது. அவர் சொன்னதன் சாரம் இது: ஒவ்வொரு பாதைக்கும், அது கம்பியானாலும் சரி, வானமானாலும் சரி, ஒரு கொள்ளளவு உண்டு. இரைச்சல் எவ்வளவு, சக்தி எவ்வளவு என்று தெரிந்தால் அதைக் கணக்கிட்டுவிடலாம். அந்த அளவுக்கு மேற்பட்ட வேகத்தில் அனுப்பினால் பிழையைத் தவிர்க்க முடியாது. அதற்கு உட்பட்டு அனுப்பினாலோ, வேகத்தை மேலும் குறைக்காமலே பிழையை நாம் விரும்புகிற அளவுக்குக் குறைத்துவிடலாம். செய்தியை நீண்ட வரிசைகளாகப் பிரித்துத் தக்க சங்கேதத்தில் அமைத்தால் போதும்.

ஆனால் அந்தச் சங்கேதம் எது? ஷானன் அதைச் சொல்லவில்லை. கற்பக விருட்சம் உண்டு என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தார். அதற்குப் போகும் வழியைக் காட்டவில்லை. குருட்டாம்போக்கில் ஒரு சங்கேதத்தை எடுத்துக்கொண்டாலும் அது அநேகமாக நல்லதாகவே இருக்கும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் அப்படிப்பட்ட சங்கேதத்தில் நூறு இலக்கச் செய்தி ஒன்றை அனுப்பினால், வாங்குகிறவர் வந்ததை ஒவ்வொரு சாத்தியமான செய்தியுடனும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் செய்திகளின் எண்ணிக்கையோ 31 இலக்கமுள்ள எண். எந்த யந்திரமும் அதைச் செய்து முடிக்காது. ஆகவே, திறமையும் வேண்டும், சுலபமாகப் படிக்கவும் வேண்டும் என்ற பிரச்னை ஷானனுக்குப் பின் வந்தவர்களுக்கு மிஞ்சியது.

ராபர்ட் கேலகர்

பிலடெல்பியா நகரில் 1931-ல் பிறந்த ராபர்ட் கேலகர், பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் 1953-ல் பட்டம் பெற்றார். சிறிது காலம் பெல் ஆராய்ச்சிச் சாலையிலும், பிறகு ராணுவத்தின் செய்திப் படையிலும் வேலை பார்த்துவிட்டு, மாஸச்சூஸெட்ஸ் கழகத்துக்கு மாணவராக வந்து சேர்ந்தார். ஷானனும் 1956-ல் அக்கழகத்துக்கு ஆசிரியராக வந்துவிட்டார். தகவல் சாஸ்திரத்துக்கு அந்த இடம் அப்போது குருகுலம் போல் விளங்கிற்று. பீட்டர் எலையஸ் என்ற பேராசிரியரின் மேற்பார்வையில் கேலகர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம், அடர்த்தி குறைந்த சோதனைகளைக் கொண்ட சங்கேதங்கள் என்பது. பெயரைக் கண்டு நேயர்கள் பயப்பட வேண்டாம். மளிகைக் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

மளிகைக் கணக்கு

ஒரு நோட்டில் மூன்று வரிசை, மூன்று பத்தியாக ஒன்பது தொகைகள் எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கூட்டல். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கூட்டல். ஒரு தொகையின் மேல் எண்ணெய் சிந்தி அழிந்துவிட்டது. கவலையில்லை, வரிசைக் கூட்டலிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் அழிந்த தொகை கிடைத்துவிடும். ஒரே வரிசையில் இரண்டு தொகைகள் அழிந்துவிட்டனவா? வரிசை கைவிட்டாலும் பத்தி கைவிடாது. அழியாமல், ஒரு தொகை மட்டும் தப்பாக எழுதப்பட்டிருந்தால்? ஒரு வரிசையிலும் ஒரு பத்தியிலும் கூட்டல் இடிக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருப்பதுதான் குற்றவாளி.

கேலகரின் சங்கேதத்திலும் இதுவே அடிப்படை. பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே இருப்பதால் முழுக் கூட்டல் வேண்டியதில்லை. கூட்டினால் இரட்டைப்படையாக வர வேண்டும் என்ற விதி போதும். அவர் காட்டிய உதாரணம் ஒன்றில் இருபது இலக்கங்கள், பதினைந்து விதிகள். ஒவ்வொரு விதியிலும் நான்கே இலக்கங்கள் அடங்கும்; ஒவ்வொரு இலக்கமும் மூன்றே விதிகளில் இடம் பெறும். ஆயிரக்கணக்கான இலக்கங்கள் உள்ள நீண்ட வரிசையானாலும், ஒரு விதி தொடும் இலக்கங்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவையே. விதிகளைக் கட்டம் போட்டு எழுதினால் பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே இருக்கும். அடர்த்தி குறைவு என்பதன் பொருள் இதுதான்.

இந்தக் குறைவில்தான் நிறைவு இருக்கிறது. விதி ஒவ்வொன்றும் சிறியதாகையால் அதைச் சோதிப்பது சுலபம். வரிசை இரட்டித்தால் ஒரு சுற்றின் வேலையும் ஏறக்குறைய இரட்டிக்குமே தவிர, 31 இலக்க எண்ணாகப் பெருகிவிடாது.

சாட்சி விசாரணை

கேலகர் சங்கேதத்தை அமைத்ததோடு நிற்கவில்லை. அதைப் படிக்கும் முறையையும் வகுத்தார். அது ஊர்ப் பஞ்சாயத்தில் நடக்கும் விசாரணையைப் போன்றது.

ஆகாயத்திலிருந்து வரும் இலக்கம் ஒவ்வொன்றும் சந்தேகத்துடனேயே வருகிறது. "இது ஒன்றாக இருக்கலாம், நூற்றுக்கு அறுபது பங்கு நிச்சயம்" என்கிறது வாங்கும் கருவி. இன்னொன்றைப் பற்றி, "இது பூஜ்யந்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து" என்கிறது. நான்கு இலக்கங்களை அறிந்த விதி ஒன்று, அவற்றில் மூன்றின் நிலையைப் பார்த்து, நான்காவது எதுவாக இருக்க வேண்டும் என்று தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது. இப்படி ஒவ்வோர் இலக்கத்துக்கும் மூன்று விதிகளிடமிருந்து மூன்று சாட்சியம் வந்து சேருகிறது. அவற்றைக் கேட்டு இலக்கம் தன் நிச்சயத்தைத் திருத்திக்கொண்டு, திருத்தியதை மறுபடி விதிகளுக்குத் தெரிவிக்கிறது. இப்படிச் சுற்றுச் சுற்றாக விசாரணை நடக்க நடக்க, சந்தேகம் குறைந்து, கடைசியில் எல்லா விதிகளும் திருப்தி அடைகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாம் ஒருவரிடம் சொன்ன வதந்தி நாலு வீடு சுற்றி நம்மிடமே திரும்பி வரும்போது, அதைப் புதிய சாட்சி என்று எண்ணி ஏமாறுகிறோம் அல்லவா? அந்த ஏமாற்றம் இங்கே நேரக் கூடாது. ஆகையால், ஒரு விதி ஓர் இலக்கத்துக்குச் சொல்லும் அபிப்பிராயத்தில், அந்த இலக்கமே முன்பு சொன்னது கலக்கக் கூடாது. மற்றவர் சொன்னது மட்டுமே இருக்க வேண்டும். விதிகள் சிறியவையாகவும் வரிசை நீளமாகவும் இருந்தால், ஒருவர் சொன்ன சொல் சுற்றி வளைத்து அவரிடமே திரும்பி வருவதற்கு வெகு நேரம் ஆகும். அதற்குள் தீர்ப்புக் கிடைத்துவிடும். ஒவ்வொருவரும் தம் அண்டையாரிடம் மட்டுமே பேசிக்கொண்டு, எல்லோருமாகச் சேர்ந்து உண்மையைக் கண்டுபிடிக்கும் இந்த முறையே கேலகரின் பெரிய சாதனை. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

ஏன் தூங்கிற்று?

கட்டுரை 1960-ல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1962-ல் ஒரு பொறியியல் சஞ்சிகையில் சுருக்கமாக வெளிவந்தது. 1963-ல் சிறு புத்தகமாகவும் அச்சாயிற்று. கேலகர் அதே கழகத்தில் ஆசிரியரானார். புத்தகமோ அலமாரிக்குப் போயிற்று.

யாரும் சதி செய்து அதை மறைக்கவில்லை. காலம் அதற்குத் தயாராக இல்லை, அவ்வளவுதான். அந்த நாளில் கணிப்பொறி என்றால் ஓர் அறை நிறைய யந்திரம். சாட்சி விசாரணையைச் சுற்றுச் சுற்றாக நடத்துவதற்கு வேண்டிய கணக்கை, செய்தி வரும் வேகத்துக்கு ஈடு கொடுத்துச் செய்யக்கூடிய சிறு கருவி எவரிடமும் இல்லை. அதே 1960-ல் ரீட், சாலமன் என்ற இருவர் வேறொரு சங்கேதத்தை வெளியிட்டார்கள். பீஜ கணிதத்தின் அழகிய அமைப்பைக் கொண்ட அது அக்காலத்துக் கருவிகளுக்கு ஏற்றதாக இருந்தது. 1982-ல் கடைக்கு வந்த குறுந்தட்டுச் சங்கீதத்தில் கீறல்களினால் பாட்டுக் கெடாமல் காத்தது அந்தச் சங்கேதமே. காரியம் நடக்கிற வழி ஒன்று கைக்குக் கிடைத்திருக்கும்போது, நடக்காத வழியை நினைப்பார் யார்?

இடையில் 1981-ல் மைக்கேல் டானர் என்ற அமெரிக்க அறிஞர் ஒருவர் மட்டும் அந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். இலக்கங்களை ஒரு பக்கமும் விதிகளை மறு பக்கமும் புள்ளிகளாக வைத்து, கோலம் போடுவது போல் கோடுகளால் இணைத்துக் காட்டினார். இன்று பாடப் புத்தகங்களில் எல்லாம் இருக்கும் அந்தச் சித்திரத்தையும் அன்று பலர் கவனிக்கவில்லை.

விழிப்பு

1993-ம் வருஷம் மே மாதம் ஜினீவா நகரில் கூடிய ஒரு மகாநாட்டில், பிரான்ஸ் தேசத்து பிரெஸ்ட் நகரிலிருந்து வந்த ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. அதன் ஆசிரியர்கள் மூவர்: பெரூ, கிளாவியூ என்ற இரு பேராசிரியர்களும், அவர்களிடம் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தித்திமஜ்ஷிமா என்ற தாய்லாந்து மாணவரும். தங்கள் சங்கேதம் ஷானன் கணக்கிட்ட எல்லைக்கு மிக அருகில் போய்விட்டது என்று அவர்கள் சொன்னபோது, கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. கணக்கில் எங்கோ பிழை இருக்க வேண்டும் என்றே நினைத்தார்கள். தங்கள் ஆராய்ச்சிச் சாலைகளுக்குத் திரும்பிச் சோதித்துப் பார்த்தபோது, பிழை கணக்கில் இல்லை, தங்கள் அவநம்பிக்கையில்தான் என்று தெரிந்தது. அந்த முறையிலும் இரகசியம், இரண்டு பகுதிகள் தத்தம் அபிப்பிராயத்தைச் சுற்றுச் சுற்றாகப் பரிமாறிக்கொள்வதே.

அதைத் தொடர்ந்து, கேம்பிரிட்ஜில் பௌதிக ஆராய்ச்சி செய்துவந்த டேவிட் மெக்கையும், கனடா தேசத்து டொரான்டோவிலிருந்த ராட்போர்ட் நீலும் இதே பாதையில் சென்று, கேலகரின் பழைய சங்கேதங்களுக்கே வந்து சேர்ந்தார்கள். 1996-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு, முப்பத்தாறு வருஷத்துக்கு முன் ஒரு மாணவர் எழுதியது ஷானனின் எல்லையை நெருங்கக் கூடியது என்று உலகத்துக்கு அறிவித்தது. அறை நிறைந்த யந்திரம் அதற்குள் நகத்தளவு சில்லாகச் சுருங்கிவிட்டிருந்தது. ஏடு விழித்துக்கொண்டது.

பிறகு வேலை வெகு துரிதமாக நடந்தது. கேலகர் மாணவராக இருந்த அதே கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்த சே-யங் சுங் என்ற கொரியர், மூன்று அறிஞர்களுடன் சேர்ந்து 2001-ல் ஒரு முடிவை வெளியிட்டார். ஒரு கோடி இலக்கம் நீளமுள்ள வரிசையை வைத்து அவர்கள் நடத்திய பரீட்சையில், ஷானனின் எல்லைக்கும் தங்களுக்கும் இடையில் நின்ற தூரம் 0.04 டெசிபெல். சக்தியின் கணக்கில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1948-ல் ஷானன் தூரத்தில் காட்டிய சிகரத்தை மனிதர் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டனர்.

செயற்கைக் கோளிலிருந்து டெலிவிஷன் அனுப்பும் ஐரோப்பிய முறையில் 2003-ல் இச்சங்கேதம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வீடுகளிலும் ரயில் நிலையங்களிலும் உபயோகமாகும் வை-ஃபை விதிகளில் 2009-ல் இடம் பெற்றது. 2016-ம் வருஷத்தின் கடைசி மாதங்களில், ஐந்தாம் தலைமுறைச் செல்போனின் விதிகளை வகுக்கக் கூடிய சர்வதேச நிபுணர்கள், படம், பேச்சு, பாட்டு முதலிய தகவல்களைச் சுமப்பதற்குக் கேலகரின் சங்கேதத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

குருவும் சிஷ்யரும்

அந்தத் தீர்மானத்தில் இன்னொரு சுவாரஸ்யமும் அடங்கியிருக்கிறது. செல்போனுக்கும் கோபுரத்துக்கும் இடையே தகவலைத் தவிர உத்தரவுகளும் போய்க்கொண்டிருக்கின்றன. "நீ இந்த நேரத்தில், இந்த அலைவரிசையில் பேசு" என்பது போன்ற சிறு கட்டளைகள் அவை. அவற்றுக்கு நிபுணர்கள் தேர்ந்தெடுத்தது வேறொரு சங்கேதம். அதைக் கண்டுபிடித்தவர் துருக்கி தேசத்தவரான எர்தால் அரிகான். இவர் மாஸச்சூஸெட்ஸ் கழகத்தில் கேலகரிடமே ஆராய்ச்சி மாணவராக இருந்து, 1980-களில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

பட்டம் பெற்ற அரிகான் 1987 முதல் தம் தாய்நாட்டில், அங்காரா நகரத்து பில்கென்ட் சர்வகலாசாலையில் பாடம் சொல்லிக்கொண்டு, மாணவப் பருவத்தில் மனத்தில் புகுந்த பிரச்னையை விடாமல் ஆராய்ந்தார். இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து, 2009-ல் தமது முடிவைப் பிரசுரித்தார். ஒரு முக்கியமான வகைப் பாதைகள் அனைத்துக்கும் ஷானனின் எல்லையை எட்டும் என்று கணித முறையில் நிரூபிக்கப்பட்டு, சுலபமாக அமைக்கவும் படிக்கவும் கூடிய முதல் சங்கேதம் அது. இன்று ஒரே செல்போனில் குருவின் சங்கேதம் தகவலையும், சிஷ்யரின் சங்கேதம் கட்டளையையும் சுமக்கின்றன. 2020-ம் வருஷத்தில் கேலகருக்கு ஜப்பான் பரிசு வழங்கப்பட்டது. மாணவராக அவர் கட்டுரை எழுதி அறுபது வருஷம் கழிந்திருந்தது.

நம்மவர் பங்கு

இந்த வரலாற்றில் பாரத நாட்டுக்கும் உறவு உண்டு. கேலகர் பட்டம் பெற்ற மறு வருஷம், 1961-ல், அதே கழகத்தில் மின்சாரப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர் தாமஸ் கைலாத். புனாவில், மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தியாவில் பிறந்து அந்தக் கழகத்தில் அத்துறையில் டாக்டரானவர்களில் இவரே முதல்வர். நிலையில்லாமல் மாறிக்கொண்டேயிருக்கும் பாதைகளில் செய்தி அனுப்புவது எப்படி என்பது இவருடைய ஆராய்ச்சி. பிறகு கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் பேராசிரியராகி, பல தேசத்து மாணவர்களைப் பயிற்றினார்.

பொள்ளாச்சியில் 1944-ல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். கடற்படையே அவரை டில்லி ஐ. ஐ. டி.க்கு அனுப்பிற்று, அங்கே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். நீருக்குள் மறைந்திருக்கும் கப்பலை ஒலியால் கண்டறியும் கருவியை நம் நாட்டிலேயே அமைத்துத் தந்த பெருமை அவருடையது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்டான்போர்டுக்குப் போனவர், ஒரே அலைவரிசையில் பல ஏரியல்களைக் கொண்டு பல செய்திகளை ஒரே சமயத்தில் அனுப்பலாம் என்ற யோசனையைக் கைலாத்துடன் சேர்ந்து 1992-ல் உரிமைப் பதிவுக்கு அனுப்பினார். 1994-ல் உரிமை கிடைத்தது. சுவர்களில் மோதித் திரும்பும் அலைகளைச் சத்துருவாக நினைத்த காலம் போய், அவையே வெவ்வேறு பாதைகளாகி உதவுகிற காலம் வந்தது. நான்காம், ஐந்தாம் தலைமுறைச் செல்போன்கள் அந்த முறையைக் கையாளுகின்றன. பால்ராஜுக்கு 2010-ல் பத்மபூஷண் விருதும், 2014-ல் மார்க்கோனிப் பரிசும் கிடைத்தன.

நமது தேசத்தில் ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபர் 1-ந் தேதி ஆரம்பமாயிற்று. அதே வருஷம் மே மாதத்தில், சென்னை ஐ. ஐ. டி.யின் தலைமையில் எட்டு ஸ்தாபனங்கள் சேர்ந்து அமைத்த பரிசோதனை நிலையமும் திறந்து வைக்கப்பட்டது. சந்தோஷமான செய்திகளே. ஆனால் பிறர் வகுத்த விதிப்படி யந்திரம் வாங்கி ஓட்டுவதோடு சுயராஜ்யம் பூர்த்தியாகிவிடாது. விதியை வகுக்கிற சபையில், "இந்த யோசனை எங்கள் மாணவர் கண்டது" என்று சொல்லக் கூடியவர்கள் நம்மிடம் பெருக வேண்டும்.

செய்ய வேண்டியது

அதற்கு நாம் செலவிடுவது என்ன? 2020-21-ம் வருஷத்துக் கணக்குப்படி, தேசத்தின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவிகிதமே ஆராய்ச்சிக்குச் செலவாயிற்று. தென் கொரியா அந்தக் காலத்தில் நான்கு சதவிகிதத்துக்கு மேல் செலவிட்டது. ஆராய்ச்சி மாணவருக்குச் சர்க்கார் தரும் உபகாரச் சம்பளம் 2023-ல் மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது; அதற்காக மாணவர்கள் பல தடவை கோரிக்கை எழுப்ப வேண்டியிருந்தது. அந்தத் தொகையும் மாதாமாதம் கைக்கு வராமல் தாமதப்படுவதாகப் பலர் முறையிடுகிறார்கள். நெடுங்காலம் பலன் தெரியாத வேலையில் இறங்கியிருப்பவனுக்கு அடுத்த மாத வாடகை கவலையாக இருக்கலாகாது. அவனுடைய கவனம் முழுவதும் பிரச்னையிலேயே இருக்க வேண்டும். சர்க்கார் செய்யக்கூடிய சிறிய உபகாரம், கொடுப்பதைக் காலத்தில் கொடுப்பது.

சர்க்காரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. எழுதப்படுகிற ஆராய்ச்சி அனைத்தும் ஒரு நாள் விழித்துக்கொள்ளும் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை தூங்கியபடியே இருக்கும். ஆனால் எது விழிக்கும், எது விழிக்காது என்பதை எழுதும்போதே அறிந்துகொள்ளும் சக்தி எவருக்கும் இல்லை. 1960-ல் கேலகரின் கட்டுரையைப் படித்துப் பார்த்த பெரியோருக்கும் அது தெரியவில்லை. நூறு விதை தூவினால்தான் பத்துப் பயிர் கிடைக்கும் என்பது நம் உழவர்கள் அறிந்த நியாயம். முளைக்கும் விதையை மட்டும் பொறுக்கித் தூவுவேன் என்று சொல்கிறவன் வயல் தரிசாகவே கிடக்கும்.

சர்வகலாசாலைகளுக்கும் ஒரு வார்த்தை. புத்தகசாலை என்பது பழையதைப் பூட்டி வைக்கும் கிடங்கு அன்று. கேலகரின் சிறு புத்தகம் அச்சாகி, அலமாரியில் பத்திரமாக இருந்ததனால்தான், முப்பது வருஷத்துக்குப் பிறகு தேடியவர் கைக்கு அது கிடைத்தது. நம் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளையும் ஒழுங்காகப் பாதுகாத்து, கேட்பவர்களுக்குக் கிடைக்கும்படி செய்தல் அவசியம். பட்டம் வாங்குவதற்காக எண்ணிக்கைக்கு எழுதும் கட்டுரைகளை ஊக்குவிக்காமல், ஒரு மாணவர் ஒரு கேள்வியோடு மூன்று வருஷம் முழுசாக உட்கார இடம் கொடுத்தலும் அவசியம்.

கடைசியாகக் குடும்பங்களுக்கு. ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையையும் பெண்ணையும், "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நாளைக்கே சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லாமல் இருப்போமாக. "நீ எடுத்துக்கொண்ட கேள்வி என்ன? எங்களுக்குப் புரியும்படி சொல், பார்ப்போம்" என்று கேட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். மளிகைக் கணக்கைக் கொண்டே விளங்கக்கூடிய அளவுக்கு எளிய உண்மைதான் இன்று உலகத்தின் செய்திப் போக்குவரத்தைத் தாங்கி நிற்கிறது. அவ்வாறான இன்னொரு உண்மை நம் வீட்டுக் கூடத்தில் பேசப்படாமலே போய்விடக் கூடாது.